தொடை வலி விட்டது, முட்டி வலி விடவில்லை: சீசனுக்கு முன் ஒரு வாலிபால் வீரர்

சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் முதல் வாரம் முடிவதற்குள் வலி இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குவார்கள், நாற்காலியில் கையூன்றி உட்காருவார்கள். நாலைந்து நாளில் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகப் போய்விடும். ஓரிருவருக்குப் போகாது. சிக்கல் என்னவென்றால், முதல் மூன்று நாட்கள் இரண்டு தரப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள்.

அப்படிப் போகாமல் நின்ற ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. கல்லூரி அணிகளோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தவரும் அவர் சொன்னதும்

வயது 20. கல்லூரி வாலிபால் அணியில் நடு பிளாக்கர், அதாவது வலையின் நடுவில் குதித்து எதிரணியின் அடியைத் தடுப்பவர். வலது கைக்காரர். முகாம் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் வந்தார். சீசனின் முதல் ஆட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

"மூணாம் நாள் படியில இறங்கவே முடியல சார். ரெண்டு தொடையும் கல்லு மாதிரி இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படித்தான். அப்புறம் தொடை விட்டுடுச்சு, இந்த இடது முட்டி மட்டும் விடல."

பாதி நோயறிதல் இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. மீதியை அறிய முகாமுக்கு முந்தைய காலத்தைக் கேட்க வேண்டியிருந்தது. தேர்வு, அதன்பின் விடுமுறை என்று ஒன்பது வாரம் அவர் ஒரு ஜம்ப்கூட எடுக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயிருக்கிறார், ஆனால் மார்புக்கும் கைக்கும் மட்டும். காலுக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "அது முகாம்ல தானா வந்துடும்னு விட்டுட்டேன் சார்."

முகாமில் முதல் நாளிலிருந்தே காலை, மாலை இரண்டு வேளைப் பயிற்சி. கோச் எடுத்து வைத்திருந்த வீடியோவை வைத்து எண்ணிப் பார்த்ததில் முதல் வாரத்தில் இவர் ஏறக்குறைய 700 ஜம்ப் எடுத்திருக்கிறார். போன சீசனின் நடுவில் இவருடைய வாராந்தர எண்ணிக்கையும் கிட்டத்தட்ட இதேதான், அப்போது முட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஆக, 700 என்பது இவருக்குத் தாங்காத அளவு இல்லை. ஒன்பது வாரம் பூஜ்யத்தில் இருந்துவிட்டு மறுவாரமே 700-க்கு ஏறியதுதான் தாங்கவில்லை. காயம் முகாமில் வெளியே வந்தது, விடுமுறையில் உருவானது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இன்னொரு விஷயத்தைக் கேட்காமல் அவராகச் சொல்லவில்லை. அறை நண்பர் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை எட்டு நாளாகக் காலைப் பயிற்சிக்கு முன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரே உடம்பில் இரண்டு வலி

தொடையில் வந்தது பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் தாமதமாக வரும் தசை வலி. பயிற்சி முடிந்த உடனே இது தெரியாது. 24 மணி நேரத்துக்குப் பின் ஏறி, 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, ஒரு வாரத்துக்குள் அடங்கும். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் வேலைதான் இதை அதிகம் கிளப்பும். ஜம்ப் எடுத்துத் தரையில் இறங்குவது, ஸ்குவாட்டில் கீழே போவது, சரிவில் ஓடி இறங்குவது எல்லாம் அந்த வகை. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருகிறது என்று மைதானத்தில் இன்றும் சொல்கிறார்கள். லாக்டேட் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தத்தில் இயல்பு நிலைக்கு வந்துவிடும். அது போன பிறகுதான் இந்த வலியே தொடங்குகிறது. உண்மையில் நடப்பது தசை இழைகளில் நுண்ணிய சிதைவும் அதைத் தொடர்ந்த அழற்சியும். ஒருமுறை இப்படிப் பட்ட தசை, அதே வேலையை அடுத்த முறை குறைந்த வலியோடு தாங்கும். அணியின் மற்றவர்கள் இரண்டாம் வாரம் சகஜமாக ஓடியதற்கு இதுவே காரணம்.

முட்டியில் வந்தது தசைநாண் வலி. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் இந்த வேகத்தில் பழகாது. அதன் வலிக்கும் தனிக் குணம் உண்டு. ஓரிடத்தில் நிற்கும், பாரம் கூடினால் கூடும், பாரம் இல்லையென்றால் பெரும்பாலும் இருக்காது. "வார்ம்-அப் முடிஞ்சா வலி போயிடும் சார், ராத்திரி திரும்ப வரும், காலைல முதல் படில உயிர் போகும்" என்றார் இவர். தசைநாண் பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சூடானதும் வலி மறைவதால் ஆட்டக்காரர் அதை நம்பி ஆடிவிடுகிறார். மாத்திரையும் சேர்ந்தால் மிச்சம் இருந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது.

முதலில் விலக்கியவை

முகாமில் வரும் தசை வலியில் மிக ஆபத்தானது, ராப்டோமயோலிசிஸ் எனப்படும் திடீர் தசை உடைவு. தசை செல்கள் உடைந்து உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 13 வீரர்கள் இதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். குளிர்கால இடைவெளிக்குப் பின் அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியில், பாரம் தூக்கி 100 ஸ்குவாட் செய்வதும் ஒன்று. அங்கேயும் கதை இடைவெளியில்தான் தொடங்குகிறது.

அதனால் முகாமில் யார் தசை வலி என்று வந்தாலும் மூன்றைக் கேட்கிறேன். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனதா? வலி மூன்று நாளுக்கு மேலும் ஏறிக்கொண்டே போகிறதா? வலியைத் தாண்டி கால் உண்மையிலேயே பலமிழந்து மடிகிறதா, வீங்கியிருக்கிறதா? இவருக்கு எதுவும் இல்லை. ஆனாலும் எட்டு நாள் வலி மாத்திரையும் வியர்வை இழப்பும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை என்பதால் அணி மருத்துவர் சிறுநீரும், ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் பரிசோதனையை அவர் எழுதவில்லை. எனக்கும் அது சரியாகவே பட்டது. கடும் பயிற்சியில் இருக்கும் எவருக்கும் அந்த எண் ஏறித்தான் இருக்கும். அறிகுறி இல்லாதவருக்கு அதை எடுத்துவிட்டு எண்ணைப் பார்த்துப் பதறுவதில் பயன் இல்லை.

மூட்டுப் பக்கம் கேட்டவை வேறு. காலையில் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா, கீழ் முதுகில் விடியற்காலை வலி உண்டா, கண் சிவந்ததா, அண்மையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்ததா? அழற்சி வகை மூட்டுநோய்கள் இந்த வயதில்தான் முதலில் தலைகாட்டும், விளையாட்டு வீரர் என்பதாலேயே அவை தவறவிடப்படும். அசையாமல் படுத்திருக்கும்போதும் எழுப்பிவிடும் இரவு வலி உண்டா என்றும் கேட்டேன். எலும்புப் புற்று இளம் வயதில் முட்டியைச் சுற்றித்தான் அதிகம் வரும். அரிதுதான், ஆனால் கேட்க ஒரு நிமிடம் போதும். கடைசியாக, சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா என்பது. அந்த வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகும் அளவுக்குக் கொண்டுபோகலாம் என்று 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை சேர்த்தது. இவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொன்னார்.

பரிசோதனை

வலி எங்கே என்று கேட்டதும் ஒரே விரலால் முட்டிச் சில்லின் கீழ் நுனியைத் தொட்டுக் காட்டினார். சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான வலியென்றால் பெரும்பாலும் உள்ளங்கையால் முட்டி முழுவதையும் பொத்திக் காட்டுவார்கள். மூட்டில் நீர் இல்லை. ஜவ்வு, குறுக்குத் தசைநார் சோதனைகள் சுத்தம்.

தீர்மானமான சோதனை, 25 டிகிரி சாய்வுப் பலகையில் ஒற்றைக்கால் ஸ்குவாட். வலது காலில் வலி இல்லை. இடது காலில் பத்துக்கு ஏழு. கீழே போகப் போக வலி கூடியதே தவிர இடம் மாறவில்லை. சில்லுத் தசைநாண் நோய், அதாவது ஜம்பர் முட்டி என்று எழுதினோம். 2005-இல் நார்வேயில் உயர்மட்ட வீரர்களிடம் செய்த ஆய்வில் ஆண் வாலிபால் வீரர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு அப்போது இது இருந்தது. வாலிபாலில் இது தொழில் நோய் மாதிரி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இடது கணுக்காலை மடக்கிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பாதத்தைச் சுவருக்கு முன் வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னால் வலது காலுக்கு 12 செ.மீ. தூரம் முடிந்தது, இடதுக்கு 7 செ.மீ.தான். போன சீசன் கடைசியில் அந்தக் கணுக்கால் சுளுக்கியிருந்ததாம். "வீக்கம் வத்துனதும் விட்டுட்டேன்" என்றார். கணுக்கால் மடியாவிட்டால் இறங்கும்போது அதிர்ச்சியை உள்வாங்கும் வேலை முட்டியின் தலையில் விழுகிறது. கணுக்கால் மடிப்பு குறைந்தவர்களுக்கு ஜம்பர் முட்டி கூடுதலாக வருவதாக வாலிபால், கூடைப்பந்து வீரர்களிடம் செய்த ஆய்வுகளும் சொல்கின்றன. ஒற்றைக்காலில் குதிகால் தூக்கச் சொன்னதில் வலது 28, இடது 19. கெண்டைக்காலும் பின்தங்கியிருந்தது.

இந்த நோய்க்கென்றே உள்ள விசா-பி கேள்வித்தாளில் 100-க்கு 52 வந்தது. நூறு என்றால் நலம்.

கையோடு கொண்டுவந்த ஸ்கேன்

அடுத்த நாள் அவருடைய அப்பாவும் வந்தார். அவர்களாகவே இரண்டு முட்டிக்கும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்திருந்தார்கள். "சார், கிழிஞ்சிருக்கலாம்னு போட்டிருக்கே? ஊசி ஒண்ணு போட்டா சீசனுக்குள்ள சரியாகிடும்னு சொல்றாங்களே?"

அறிக்கையை இரண்டு முறை படித்தேன். இடது தசைநாணில் கருமையான பகுதி, தடிப்பு, சிறு கிழிசலாக இருக்கலாம் என்ற குறிப்பு. சரி. ஆனால் அடுத்த பத்தியில் வலது முட்டிக்கும் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தது. வலது முட்டியில் அவருக்கு வாழ்நாளில் வலி வந்ததில்லை. ஜம்ப் ஆட்டக்காரர்களின் தசைநாணில் இத்தகைய மாற்றம் வலி இல்லாமலேயே சாதாரணமாகக் காணப்படும். அப்பாவிடம் இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டினேன். நான் பேசியதைவிட அது நன்றாக வேலை செய்தது.

ஊசி விஷயத்தில் நான் கறாராகவே இருந்தேன். 2009-இல் டென்மார்க்கில் ஸ்டீராய்டு ஊசியையும் பாரப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் எல்லாக் குழுவும் தேறின. ஆறு மாதத்தில் ஊசிக் குழு சரிந்துவிட்டது, மெதுவான கனப் பாரப் பயிற்சி செய்தவர்கள் நிலைத்திருந்தார்கள். பாரம் தாங்கும் தசைநாணில் ஸ்டீராய்டு போட்டு, வலியை மறைத்து, மறுவாரம் 700 ஜம்ப் எடுக்க வைப்பது நான் துணை போகக்கூடிய காரியம் இல்லை.

ஐந்து வாரம் போதாது என்று சொல்வது

இந்த நிகழ்வில் கடினமான பகுதி கோச்சோடு நடந்த பேச்சு. அவர் கேட்டது நியாயமான கேள்வி: "முதல் மேட்சுக்கு வருவானா, மாட்டானா?"

2021-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 76 வீரர்களை இரண்டாகப் பிரித்து, படிப்படியாக ஏறும் பாரப் பயிற்சியையும் பழைய முறையான வலியோடு கீழிறங்கும் ஸ்குவாட்டையும் ஒப்பிட்டார்கள். படிப்படியான முறை வென்றது. ஆனால் அந்தக் குழுவிலும் 24 வாரத்தில் பழைய நிலைக்கு ஆடத் திரும்பியவர்கள் 43 சதவீதம்தான். இதை அப்படியே கோச்சிடம் சொன்னேன். இவருக்கு வலி தொடங்கி இரண்டு வாரமே ஆகியிருந்ததால் அதைவிட வேகமாகத் தேற வாய்ப்பு உண்டு, ஆனால் முதல் மேட்ச் இல்லை என்றேன்.

முழு ஓய்வு கொடுத்துவிட்டு ஐந்து வாரம் கழித்து நேரே மேட்சில் இறக்கலாமே என்பது அவர் யோசனை. பலரும் செய்வது அதுதான். ஓய்வில் வலி அடங்கும், அதில் சந்தேகமில்லை. கூடவே தசைநாணின் தாங்குதிறனும் இன்னும் கீழே போகும். ஒன்பது வார ஓய்வுதான் இவரை இங்கே கொண்டுவந்தது, அதே மருந்தை இன்னும் ஐந்து வாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாற்று பிளாக்கரைத் தயார் செய்யத் தொடங்கினார்.

செய்தது

மாத்திரையை அன்றே நிறுத்தினோம். முதல் நாலு வாரம் ஜம்ப் இல்லை. அணியோடு சேர்ந்து சர்வ், ரிசீவ் எல்லாம் உண்டு. முதல் பத்து நாள் கால் நீட்டும் இயந்திரத்தில் முட்டியை 60 டிகிரியில் அசையாமல் பிடித்து நிற்கும் பயிற்சி: கனமான பாரம், 45 விநாடி, ஐந்து முறை, இடையில் இரண்டு நிமிடம் இடைவெளி. 2015-இல் ஆறே வாலிபால் வீரர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையில் இது வலியை உடனே ஏறக்குறைய இல்லாமல் ஆக்கி 45 நிமிடம் அப்படியே வைத்திருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு அதிசயம் நடக்கவில்லை. இவருக்கு ஏழிலிருந்து நாலுக்கு இறங்கியது. போதும். "பாரம் தூக்கினால் முட்டி கெட்டுவிடும்" என்ற பயம் போனதுதான் பெரிய லாபம்.

அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் லெக் பிரஸ், ஸ்குவாட், கால் நீட்டல். ஏற மூன்று விநாடி, இறங்க மூன்று விநாடி. பதினைந்து முறை செய்யக்கூடிய பாரத்தில் தொடங்கி, ஆறு முறைக்கு மேல் முடியாத பாரம் வரை வாரக்கணக்கில் ஏற்றினோம். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. இடைவெளி விடுவதற்குக் காரணம் உண்டு. கடும் பாரத்துக்குப் பின் முதல் ஒன்று, ஒன்றரை நாள் வரை தசைநாணில் அதன் முக்கியப் புரதமான கொலாஜன் கட்டுவதைவிடச் சிதைவதே அதிகம், நிகர லாபம் அதன்பிறகுதான். கணுக்கால் மடிப்புக்கும் கெண்டைக்காலுக்கும் தினமும் பத்து நிமிடம்.

அளவுகோல் ஒன்றே ஒன்று. தினமும் காலையில் சாய்வுப் பலகையில் ஒரு ஒற்றைக்கால் ஸ்குவாட், எண்ணைக் குறித்து எனக்கு அனுப்ப வேண்டும். மூன்றும் அதற்குக் கீழும் என்றால் அன்றைய திட்டம் அப்படியே. முந்தைய நாளைவிட இரண்டு கூடினால் ஒரு படி கீழே. பயிற்சியின்போது வலிப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, மறுநாள் காலை என்ன சொல்கிறது என்பதே கணக்கு.

ஐந்தாம் வாரம் ஜம்ப் தொடங்கியது. முதல் நாள் இரண்டு காலிலும் இறங்கும் 20 ஜம்ப். மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும். அந்த வார முடிவில் சீசனும் தொடங்கியது. அவர் சீருடை போட்டு பெஞ்சில் இருந்தார், இரண்டு ஆட்டத்தில் சர்வ் போட மட்டும் இறங்கினார்.

ஏழாம் வாரத்தில் சறுக்கல். ஊர்ப் பையன்களோடு யாருக்கும் சொல்லாமல் இரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறார். காலை எண் இரண்டிலிருந்து ஆறுக்குப் போனது. எண்ணை மறைக்காமல் அனுப்பினார் என்பதால் நான் கோபப்படவில்லை. ஜம்பை நிறுத்தி, அசையாப் பிடிப்புக்குத் திரும்பி, பாரப் பயிற்சியை மட்டும் விடாமல் தொடர்ந்தோம். ஆறு நாளில் பழைய இடத்துக்கு வந்தது. தசைநாண் கிளம்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, ஒரு படி இறங்கினால் போதும் என்பதை அவர் அப்போதுதான் நம்பினார்.

ஒன்பதாம் வாரம் ஒரு செட், பதினான்காம் வாரம் முழு ஆட்டம். விசா-பி பன்னிரண்டாம் வாரம் 76, இருபத்து நான்காம் வாரம் 87. கணுக்கால் 10.5 செ.மீ. வரை வந்து நின்றுவிட்டது. தொடர்ந்து இரண்டு நாள் ஆட்டம் இருந்தால் மறுநாள் காலை பத்துக்கு ஒன்றோ இரண்டோ வலி இன்னும் உண்டு. வலியே இல்லாத நிலை என்று எழுத முடியாது. ஸ்கேனைத் திரும்ப எடுக்கவில்லை. எடுத்திருந்தால் படம் பெரிதாக மாறியிருக்காது என்றே நினைக்கிறேன், அதை வைத்து எந்த முடிவும் எடுக்கப்போவதும் இல்லை.

அடுத்த முகாம்

2019-இல் அமெரிக்க உடற்திறன் பயிற்சியாளர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இடைவெளிக்குப் பின் திரும்பும் வீரருக்கு முதல் வாரம் உச்ச அளவில் பாதியைக் குறை, இரண்டாம் வாரம் 30 சதவீதம் குறை. புதிதாகச் சேர்ந்தவர் என்றால் மூன்றாம், நாலாம் வாரங்களிலும் முறையே 20, 10 சதவீதம் குறை. கோச்சிடம் இதைக் கொண்டுபோனேன். எண்ணிக்கையைக் குறைக்கச் சம்மதித்தார். இரண்டு வேளைப் பயிற்சியை ஒரு வேளையாக்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில், முதல் வாரம் மாலைப் பயிற்சியில் வலை கட்டுவதில்லை என்று முடிவானது: சர்வ், ரிசீவ், வீடியோ மட்டும். ஒவ்வொரு வேளையும் ஜம்ப் எண்ணிக்கையை அணி மேலாளர் குறிக்கிறார்.

விடுமுறைக்கு எல்லோர் கையிலும் ஒரு தாள் கொடுத்தனுப்பினோம். வாரம் இரண்டு நாள் கனமான கால் பயிற்சி, அதே நாளில் 40 ஜம்ப், அவ்வளவுதான். நம் பிளாக்கர் அதை ஒழுங்காகச் செய்தார். அடுத்த முகாமின் மூன்றாம் நாள் அவருக்கும் தொடை வலித்தது, முட்டியின் காலை எண் இரண்டைத் தாண்டவில்லை. தாள் போய்ச் சேராத புதிய மாணவர்கள் இருவர் கீழ்க்கால் எலும்பு வலியோடு வந்தார்கள். அதில் ஒருவருக்கு எம்ஆர்ஐ எலும்பு அழுத்தக் காயம் என்று காட்டியது. அவரைக் கையாண்ட விதம் முற்றிலும் வேறு, அதைத் தனி ஆய்வாக எழுதுகிறேன்.